வரலாற்றுத் தேர்வில் முதன்மைச் சான்றுகளை வைத்துக் கட்டுரை எழுதுவது எப்படி?

முதன்மைச் சான்று என்றால், சம்பவம் நடந்த காலத்தில் இருந்தவர்களே விட்டுச்சென்ற பதிவு: கடிதம், நாட்குறிப்பு, கல்வெட்டு, ஒப்பந்தம் போன்றவை. பாடப்புத்தகம் இதில் சேராது.

இதைக் கொடுத்து எழுதச் சொல்வது மனப்பாடத்தைச் சோதிக்க அல்ல. சொல்பவர் யார், எந்தப் பக்கம் நின்று சொல்கிறார் என்று எடைபோடத் தெரிகிறதா என்று பார்க்கத்தான். தெருச் சண்டையில் சாட்சி சொல்பவர் யாருக்கு மச்சான் என்று விசாரிப்போமே, அதே வேலைதான்.

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்தது பற்றிய கேள்வி என்று வையுங்கள். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பிலிருந்து ஒரு பகுதி தந்திருக்கிறார்கள். பிள்ளை, புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு நெருக்கமானவர். டூப்ளேக்கும் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லபூர்தொனேக்கும் ஆகவே ஆகாது. ஆகையால் அந்தப் பகுதியில் லபூர்தொனே மீது குறை இருந்தால், ‘பிள்ளை இப்படிச் சொல்கிறார்’ என்று நிறுத்திவிடாதீர்கள். ‘இது டூப்ளே தரப்புக்கு நெருக்கமானவரின் பார்வை’ என்று ஒரு வரி சேருங்கள். ஆங்கிலேயர் ஆவணமும் தந்திருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பக்கம் பக்கமாக மேற்கோளை நிரப்புவதைவிட அந்த ஒரு வரிக்குத்தான் மதிப்பு.

அப்புறம், ஒருதலையான ஆவணம் பயன்படாது என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது தவறு, டூப்ளே தரப்பில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அறிய அந்த நாட்குறிப்புதான் நல்ல சான்று.