மொட்டை மாடியில் படம் மங்குவது ஏன்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளுக்கென்று ஆன்லைனில் ஒரு புரொஜெக்டர் வாங்கினோம். விலை ஏழாயிரத்துச் சொச்சம். "9,000 லூமன், 4கே சப்போர்ட்" என்று போட்டிருந்தார்கள். மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி 120 அங்குலத்துக்குப் படம் விட்டோம். வெளுத்துப் போய்த் தெரிகிறது, இருட்டான காட்சி வந்தால் ஆளே தெரியவில்லை. படம் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் விழுகிறது. நெட்ஃபிளிக்ஸ் திறக்கவில்லை. போனிலிருந்து மிரர் செய்தால் குரல் மட்டும் வருகிறது, படம் கறுப்பு. புளூடூத் ஸ்பீக்கர் போட்டால் வாயசைவு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். திருப்பி அனுப்பும் கெடுவும் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் நாத்தனார் பிள்ளைகள் எல்லாம் வருகிறார்கள். இதைத் தூக்கிப் போட்டுவிட்டு, தீபாவளி ஆஃபரில் நல்லதாக ஒன்று வாங்குவதா, இதையே ஏதாவது செய்து பார்ப்பதா?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

தூக்கிப் போட வேண்டாம். முதலில் படத்தைச் சுருக்குங்கள். நீங்கள் சொன்ன குறைகளில் சில அதிலேயே போய்விடும்.

அந்த 9,000 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். புரொஜெக்டரின் பின்னால் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும், அதைப் பாருங்கள். இந்த விலையில் பெரும்பாலும் 50 முதல் 80 வாட். நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் (ஒளியின் அளவு) தரும். அந்த ஒளி, படத்தை உருவாக்கும் ஒற்றை எல்.சி.டி. தகடு, அதன் வண்ண வடிகட்டிகள், லென்ஸ் என்று கடந்து வெளியே வரும்போது பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. கையில் நிற்பது 200 ஆன்சி லூமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் ஒன்பது இடங்களில் அளந்து சராசரி எடுத்துச் சொல்வதுதான் ஆன்சி லூமன். வெறும் "லூமன்" என்று போட்டால் விற்பவர் எதை வேண்டுமானாலும் எண்ணிக்கொள்ளலாம். "4கே சப்போர்ட்" என்பதும் இதே கதைதான்: 4கே சிக்னலை வாங்கிக்கொள்ளும், காட்டுவதோ தகட்டில் உள்ள 1280×720 அல்லது 1920×1080 புள்ளிகள் மட்டும்.

இந்த 200 லூமனை 120 அங்குலத்தில் (266×149 செ.மீ., ஏறக்குறைய 4 சதுர மீட்டர்) பரப்பினால் சதுர மீட்டருக்கு 50 லூமன், அதாவது 50 லக்ஸ். அதையே 80 அங்குலத்தில் (177×100 செ.மீ.) போட்டால் 113 லக்ஸ். தெருவிளக்கிலிருந்து திரையில் 5 லக்ஸ் விழுகிறது என்று கொள்வோம். படத்தின் கறுப்பு அந்த 5-க்குக் கீழே போகவே போகாது. ஆகவே 120 அங்குலத்தில் வெள்ளை, கறுப்பைவிட 11 மடங்குதான் பிரகாசம், 80 அங்குலத்தில் 23 மடங்குக்கு மேல். இருட்டுக் காட்சியில் ஆள் தெரியாமல் போவதற்கு இதுதான் காரணம். மெனுவில் "பிரைட்னஸ்" கூட்டினால் கறுப்பும் சேர்ந்து வெளுக்குமே தவிர விளக்கின் ஒளி கூடாது. அதைத் தொடாதீர்கள்.

ஆனால் எப்படிச் சுருக்குகிறீர்கள் என்பது முக்கியம். மெனுவில் "ஜூம்" என்று ஒன்று இருக்கும், 100-லிருந்து 70-க்கு இறக்கினால் படம் சின்னதாகும். அது ஏமாற்று. தகட்டின் ஓரங்களைக் கறுப்பாக்கி நடுவில் மட்டும் படம் காட்டுகிறது, ஓரத்துக்குப் போகும் ஒளி வீணாகிறது, பிரகாசம் ஒரு துளி ஏறாது. ஜூமை 100-லேயே விட்டுவிட்டுப் பெட்டியைத் திரைக்குப் பக்கத்தில் நகர்த்துங்கள். எவ்வளவு தூரம் என்பதற்கு விளக்கப் புத்தகத்தில் "த்ரோ ரேஷியோ" (பட அகலத்துக்கு எத்தனை மடங்கு தூரம் என்ற எண்) பாருங்கள். 1.25 என்று இருந்தால், 177 செ.மீ. அகலத்தை அதனால் பெருக்குங்கள்: 221 செ.மீ., ஏழே கால் அடி.

படம் மேலே அகலமாக விழுவது பெட்டி தாழ்வாக இருந்து, மூக்கைத் தூக்கிப் பார்ப்பதால். இந்த வகை எல்.சி.டி. பெட்டிகள் பெரும்பாலும் லென்ஸுக்கு நேராகவே ஒளியை வீசும். லென்ஸ் திரையின் நடு உயரத்தில் இருந்தால் படம் செவ்வகமாக விழும். தகட்டுக்குப் பதில் நுண்கண்ணாடிகளால் படம் காட்டும் டி.எல்.பி. புரொஜெக்டர்கள் பல மேல்நோக்கி வீசுபவை, அவற்றைத் தாழ வைக்கலாம், உங்களுடையதை முடியாது. "கீஸ்டோன்" பொத்தானால் நிமிர்த்தினால் அதுவும் ஜூம் போலத்தான், புள்ளிகளையும் ஒளியையும் தின்கிறது, எழுத்தின் ஓரம் மழுங்குகிறது. திரையின் அடிவிளிம்பு தரையிலிருந்து இரண்டரை அடி, படத்தின் உயரம் மூன்றேகால் அடி. அப்படியானால் லென்ஸ் நாலடிக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். உயரமான ஸ்டூல், அதன்மேல் ஒரு பலகை, போதும். பாயில் உட்காரும் பிள்ளைகளின் தலைக்கு மேலே ஒளி போகும், நிழல் விழாது. லென்ஸுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்க்கக் கூடாது என்று மட்டும் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். எப்படியும் எழுந்து கையால் மானும் நாயும் காட்டுவார்கள். அதற்கென்று இடைவேளையில் வெள்ளைத் திரையாகப் பத்து நிமிடம் விட்டுவிட்டால், படத்தின் நடுவே எழுவது குறையும்.

வேட்டி வேண்டாம். பாதி ஒளி பின்னால் கசிந்துவிடும், காற்றில் அலையும். மாடிப்படி ஹெட்ரூம் சுவர் வெள்ளையாக, வழவழப்பாக இருந்தால் அதைவிட நல்ல திரை கிடையாது. இல்லையென்றால் பிளெக்ஸ் அடிக்கும் கடையில், எதுவும் அச்சிடாத வெள்ளை பிளெக்ஸ், எட்டடிக்கு நாலரை அடி, நான்கு ஓரமும் ஐலெட் (கயிறு கோக்கும் உலோக வளையம்) அடித்துக் கேளுங்கள். 8×4½ என்பது 16:9 கணக்கு, 110 அங்குலம் வரை தாங்கும், இப்போதைக்கு நடுவில் 80 அங்குலத்துக்குப் பயன்படுத்தலாம். பளபளப்பு இல்லாத ரகமாகப் பாருங்கள். பளபளப்பானது நடுவில் ஒரு வெள்ளை வட்டம் காட்டும். திரைச்சீலைக் கடையில் கிடைக்கும் வெள்ளை பிளாக்-அவுட் துணியும் நல்லதுதான், மடித்து வைத்தால் சுருக்கம் விழும், சுருட்டி வையுங்கள். திரையின் முதுகு தெருவிளக்கைப் பார்க்கட்டும். கீழ் விளிம்பில் ஒரு பி.வி.சி. குழாயைச் செருகினால் காற்றுக்கு ஆடாது. ஆடி மாதம் இதுவும் நிற்காது, சுவர்தான்.

இனி நெட்ஃபிளிக்ஸ். இந்த வகைப் பெட்டிகளில் உள்ள ஆண்ட்ராய்டு, டி.வி.க்கான சான்று பெற்றதாகப் பெரும்பாலும் இருக்காது. படத்தை நகலெடுக்காமல் காக்கும் வைட்வைன் என்ற பூட்டு, எல்3 என்ற கீழ்நிலையில் இருக்கும். ஆப் திறக்காது, திறந்தாலும் பொதுவாக 480பி-க்கு மேல் தராது. ஏதேதோ தளத்திலிருந்து ஏ.பி.கே. (ஆப் கோப்பு) இறக்கிப் போடுவது வீண் வேலை, ஆபத்தும்கூட. போன் மிரரிங்கில் கறுப்பாகத் தெரிவதும் அதே பூட்டினால்தான், போனில் கோளாறு இல்லை. ஃபயர் டிவி ஸ்டிக் போல ஒன்றை வாங்கி எச்.டி.எம்.ஐ.-யில் செருகுங்கள். அதற்கு மின்சாரத்தைப் புரொஜெக்டரின் யு.எஸ்.பி.யிலிருந்து எடுக்காதீர்கள். அது பல பெட்டிகளில் அரை ஆம்பியர்தான் தரும், ஸ்டிக் நடுப்படத்தில் அணைந்து அணைந்து எழும். கூட வந்த அடாப்டரையே ஜங்ஷன் பாக்ஸில் போடுங்கள். கீழ்த்தளத்து வைஃபை கான்கிரீட் கூரையைத் தாண்டி வர 2.4 ஜிகாஹெர்ட்ஸ்தான் உதவும், 5 ஜிகாஹெர்ட்ஸ் பாதியில் திணறும்.

வீட்டு விசேஷ வீடியோக்களைப் பென் டிரைவில் போடுவீர்களானால் இரண்டு சிக்கல்கள். ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் செய்ததில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட் அல்லது என்.டி.எஃப்.எஸ். வேண்டும், உங்கள் பெட்டி எதைப் படிக்கிறது என்று முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். படம் ஓடி ஒலி வரவில்லையென்றால் அது டால்பி ஒலித்தடமாக இருக்கும், பெட்டியின் பிளேயரில் அதற்கு உரிமம் இருக்காது. வி.எல்.சி. போட்டால் பேசும்.

வாயசைவுப் பிரச்சினைக்கு வருகிறேன். புளூடூத்தில் ஒலி தாமதிக்கும், 200 மில்லிசெகண்ட் சாதாரணம். ஸ்பீக்கரைப் புரொஜெக்டருடன் இணைத்தால், படத்தை அனுப்பும் ஸ்டிக்குக்கு அந்தத் தாமதம் இருப்பதே தெரியாது. ஸ்பீக்கரை ஸ்டிக்குடன் நேரடியாக இணையுங்கள், அது படத்தை அதற்கேற்பப் பிடித்து நிறுத்தி ஓட்டும், பெரும்பாலும் சரியாகிவிடும். அதைவிட நிச்சயமான வழி 5 மீட்டர் 3.5 எம்.எம். ஆக்ஸ் வயர். புதிய ஸ்பீக்கர்கள் பலவற்றில் ஆக்ஸ் துளையே இல்லை, வயர் வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் திரைக்குக் கீழே இருக்கட்டும். திறந்த மாடியில் ஒலி திரும்பி வராது, புரொஜெக்டர் விசிறிச் சத்தம் வேறு.

மே மாதம் மதுரையில் சூரியன் மறைவது ஆறரை வாக்கில். ஏழு பத்துக்கு முன் தொடங்காதீர்கள், என்ன செய்தாலும் வெளுப்புதான். தளம் பகல் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும், ஐந்து மணிக்கே தண்ணீர் தெளித்துக் காயவிடுங்கள், ஈரத்தில் வயர் ஓடக் கூடாது. ஜங்ஷன் பாக்ஸ் மூன்று முள், எர்த் உள்ளதாக, கைப்பிடிச் சுவரோரமாக வயரை ஓட்டி, வீட்டு போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்றும் பாருங்கள். தொடங்கிக் கால் மணி நேரத்தில் பிளாஸ்டிக் லென்ஸ் சூடேறி ஃபோகஸ் நழுவும், ஒரு முறை திருப்பிவிடுங்கள், அதன்பின் நிற்கும். கோடை மழை பெய்த மறுநாள் ஈசல் கிளம்பினால் அன்றைக்குப் படத்தை விட்டுவிடுங்கள். பெட்டிக்கு வலை போட்டு மூடினால் காற்று அடைபட்டு அது சூடாகும்.

புதியது வாங்குவதானால் விளம்பரத்தில் "ஆன்சி" என்ற சொல்லும், "நேட்டிவ்" என்று தகட்டின் புள்ளிக்கணக்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றால் அடுத்ததைப் பாருங்கள். 100 அங்குலத்தில் இருட்டறைத் தியேட்டர் அளவுக்குப் பிரகாசம் வேண்டுமானால் சுமார் 475 ஆன்சி லூமன் தேவை, தெருவிளக்கு படும் மாடிக்கு 600, 700 என்று போகலாம். கெடு விஷயத்தில் "7 நாள் ரீப்ளேஸ்மென்ட்" என்றால் பொதுவாகப் பணம் வராது, அதே மாடல்தான் திரும்ப வரும். புரொஜெக்டருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய எம்.ஆர்.பி.யை அடித்துக் காட்டித் "தள்ளுபடி" என்று போடுவதில் வரிக்குறைப்பின் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நோ-காஸ்ட் இ.எம்.ஐ.யில் வட்டியைத்தான் விலையில் கழிக்கிறார்கள். வட்டி 1,100 ரூபாய் என்றால் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., 198 ரூபாய், உங்கள் கார்டில் தனியே ஏறும், பிராசஸிங் கட்டணம் வேறு. கையில் பணம் இருந்தால் மொத்தமாகக் கட்டுவதே லாபம்.