கொரிய முள்வேலி பினாங்கில் வளருமா?

கேள்வி: என் மகள் கொரியாவில் படிக்கிறாள். அங்கே வேலியாக நிற்கும் மூவிலை ஆரஞ்சுச் செடியைப் படம் எடுத்து அனுப்பினாள். இலையெல்லாம் கொட்டி, பச்சைக் கிளையும் முள்ளுமாகப் பனியில் நிற்கிறது. பனியையே தாங்கும் செடி நம் ஊரில் வளராதா? லீவில் வரும்போது விதை கொண்டுவரச் சொல்லட்டுமா, ஐயா?
– வாசகி, ஜெலுத்தோங்

பதில்: விதை வேண்டாம், அம்மா. வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதி வேண்டும், பையில் போட்டு எடுத்து வருவது சரியில்லை.

அழகான செடிதான். விரல் நீள முள், வசந்தத்தில் இலை துளிர்க்கும் முன்பே வெறும் கிளையில் வெள்ளைப் பூ, அப்புறம் மெல்லிய ரோமம் போர்த்திய மஞ்சள் பழம். கொரியாவின் காங்வா தீவில் எதிரி ஏறாமலிருக்கக் கோட்டைச் சுவரையொட்டி இதை நட்டதாகச் சொல்வார்கள். மைனஸ் 15 டிகிரியையும் தாங்கும். ஆனால் குளிரில் உறங்கி, குளிர் விலகியதும் விழித்துப் பூக்கிற செடி அது, அந்த உறக்கம் இல்லாவிட்டால் பூவுக்கு வழியில்லை. பினாங்கில் விடியற்காலையில்கூட 24 டிகிரி இருக்கிறது. 833 மீட்டர் உயரக் கொடிமலையில் கொண்டுபோய் வைத்தாலும் உறைபனி கிடைக்காது. செடி ஒருவேளை உயிரோடு நிற்கும், மகள் அனுப்பிய படம்போல ஆகாது.

முள்வேலியும் பூவும் வேண்டுமென்றால் காகிதப்பூவை வையுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைந்ததும் அதுவும் இலையைக் கொட்டிவிட்டுக் கிளை முழுக்கப் பூக்கும், நம் வெயிலுக்கேற்ற இலையுதிர்ச் செடி என்றே சொல்வேன். நாளுக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடம் வேண்டும். மண்ணில் பருமணல் கலந்து தண்ணீர் தேங்காமல் பாருங்கள். வேர் நன்றாகப் பிடித்தபின் தண்ணீரை நிறுத்துங்கள், இலை தொங்கத் தொடங்கியதும் நன்றாக ஊற்றுங்கள், மறுபடி காயவிடுங்கள். சில வாரங்களில் கிளை நுனியில் சின்னச் சின்ன நிற மொட்டு தெரியும். பலர் பாசத்தில் தினமும் தண்ணீர் விட்டு, உரத்தையும் கொட்டி, பச்சை இலையை மட்டும் வளர்க்கிறார்கள். பூ முடிந்ததும் நுனிகளை வெட்டிவிட்டால் வேலி அடர்த்தியாகும். கையுறை கட்டாயம், இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தில்தான் முள் ஒளிந்திருக்கும்.

சமையலுக்கும் ஆகட்டும் என்றால் பின்பக்கம் லீமாவ் பூருட் என்கிற எலுமிச்சை வகைச் செடி ஒன்றை வையுங்கள். அதற்கும் நல்ல முள் உண்டு, பிள்ளைகள் ஓடி விளையாடும் வழியில் மட்டும் நடாதீர்கள்.