தோளில் ஒரு சைக்கிள்

அன்புள்ள அக்கா,

பெல்ஜியத்தில், கென்ட் நகரில் ஏழு வருடமாக இருக்கிறேன். வயது 39. போன ஞாயிறு முதல் தடவையாக ஒரு சைக்ளோகிராஸ் பந்தயத்தில் ஓட்டினேன், சேற்றிலும் மேட்டிலும் ஓட்டுகிற சைக்கிள் பந்தயம். அமெச்சூர்களுக்கான 40 நிமிடப் பந்தயம். ஊருக்கு வெளியே ஒரு மேய்ச்சல் நிலம், இரண்டு நாள் மழை, கணுக்கால் வரை சேறு. இரண்டாவது சுற்றில் மேட்டில் ஏற முடியாமல் இறங்கிவிட்டேன். அதற்கப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். முன்னால் போனவர்கள் ஒரு முழுச் சுற்று என்னைத் தாண்டிவிட்டார்கள். 41 பேரில் 40ஆவதாக வந்தேன். தோள் இன்னும் கன்றிப்போயிருக்கிறது. மனைவி எடுத்த போட்டோவைக் குடும்ப வாட்ஸப்பில் போட்டேன். "சைக்கிள்ல போனியா, சைக்கிளைத் தூக்கிட்டுப் போனியா?" என்று சித்தப்பா கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நம் உடம்பு வாகுக்கு இதெல்லாம் ஒத்துவருமா? ஜனவரியில் இன்னொரு பந்தயம் இருக்கிறது. அதற்குள் நல்ல கார்பன் சைக்கிள் வாங்கலாமா, இல்லை இதோடு விட்டுவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் வாய்க்கால் மேல் இருந்த மூங்கில் பாலம் போய் கான்கிரீட் பாலம் வந்துவிட்டது. அதன் மேல் நின்று அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால் உங்கள் கடிதம். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் சேற்றில் ஓடுகிறார் என்று படித்ததும் மற்ற வேலையை எல்லாம் ஒதுக்கிவைத்தேன்.

உடம்பு வாகு என்ற பேச்சை முதலில் விடுங்கள் தம்பி. படித்த மனிதர் எழுதுகிற வார்த்தையா அது? அங்கே பிள்ளைகள் ஏழெட்டு வயதிலேயே பூங்காப் புல்வெளியில் ஓடுகிற சைக்கிளிலிருந்து குதித்து இறங்கவும், ஓடியபடி தாவி ஏறவும் பழகுகிறார்கள். நீங்கள் பந்தயத்தன்று பழகினீர்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

கார்பன் சைக்கிளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. காசு இருந்தால் வாங்குங்கள். ஒரு முழுச் சுற்று பின்தங்கியதைப் பற்றியும் அதிகம் சொல்ல மாட்டேன். பெரிய பந்தயங்களில், முன்னால் போகிறவர் முதல் சுற்றுக்கு எடுத்த நேரத்தில் 80 சதவீதம் பின்தங்கினாலே வெளியே அனுப்பிவிடுவார்கள். உங்களை அனுப்பவில்லை. கடைசிவரை ஓட்டவிட்டார்கள், ஓட்டினீர்கள்.

ஆனால் அந்தப் போட்டோவுக்காக வெட்கப்பட்டீர்களே, அதை மட்டும் என்னால் விட முடியவில்லை.

இறங்கியது தோல்வி என்று உங்களுக்கு யார் சொன்னது? அந்த மைதானத்தில் குறுக்கே பலகை நட்டிருந்தார்களா இல்லையா? அதன் உயரம் 40 சென்டிமீட்டர் வரை போகலாம் என்பது விதி. சில இடங்களில் படிக்கட்டே இருக்கும். இறங்கவே கூடாது என்றால் பலகை எதற்கு, படிக்கட்டு எதற்கு? உங்களை இறக்கவேண்டும் என்றே ஒருவர் முந்தின நாள் மழையில் நின்று அந்தப் பாதையை வகுத்திருக்கிறார். சரி, சிலர் பலகை மேல் சைக்கிளோடு துள்ளித் தாண்டுவார்கள். பெல்ஜியத்துச் சாம்பியன் ஸ்வென் நேய்ஸ் அதில் பேர்போனவர். ஓட்டுவதைவிட ஓடுவது வேகம் என்று தெரிந்த இடத்தில் அவரும் இறங்கித்தான் ஓடினார்.

நான் பெல்ஜியத்தில், லூவன் நகரில் இருந்த இரண்டு குளிர்காலமும் ஞாயிறுதோறும் இதைப் பார்க்கப் போவேன். 2012 ஜனவரிக் கடைசி ஞாயிறன்று கோக்ஸைடேயில் உலகச் சாம்பியன் பந்தயம் நடந்தது. கடற்கரை ஓரத்து மணல்மேடுகள். ஆண்கள் பந்தயத்தில் நீல்ஸ் அல்பெர்ட் ஜெயித்தார், முதல் ஏழு இடமும் பெல்ஜியத்துக்கே போனது. ஊரே மணி அடித்துக் கூத்தாடியது. நான் ஒரு மேட்டடியில் நின்று கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் போனவரின் தடத்தில் சக்கரம் போகிறவரை ஓட்டுவார்கள். தடம் தவறிப் புதைகிறது என்று தெரிந்த அடுத்த நொடி வலது கால் சீட்டுக்குப் பின்னால் சுழன்று வரும், சைக்கிள் நிற்பதற்கு முன்பே ஆள் ஓடிக்கொண்டிருப்பார். மேட்டு உச்சியில் மறுபடி ஒரு தாவல். எங்கே இறங்குவது என்பதில்தான் வேகமே இருந்தது. அரை நொடி பிந்தி இறங்கியவர் மணலில் நின்றுபோனார். பின்னால் வந்த மூன்று பேர் அவரைத் தாண்டினார்கள்.

நீங்கள் இரண்டாவது சுற்றில் நின்றுபோய் இறங்கினீர்கள். அது கையாலாகாமல் இறங்கியது. மூன்றாவது சுற்றில் அதே மேட்டுக்கு முன்னாலேயே இறங்கியிருந்தால் அது பந்தயம். எப்படி இறங்கினீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. எழுதவேண்டிய விஷயம் அதுதானே? சித்தப்பா சிரித்ததை மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் சித்தப்பாவுக்கு இன்னொரு போட்டோவைக் காட்டுங்கள். 1910இல் டூர் டி பிரான்ஸ் என்ற பெரிய சைக்கிள் பந்தயம் முதல் தடவையாக பிரெனீஸ் மலையின் பெரிய கணவாய்களில் ஏறியது. லூஷோனிலிருந்து பயோன் வரை ஒரே நாளில் 326 கிலோமீட்டர். நடுவில் தூர்மலே கணவாய், 2,115 மீட்டர் உயரம். கியர் மாற்றும் வசதி கிடையாது, தார் கிடையாது. குஸ்தாவ் காரிகூ என்பவர் கீழே இறங்காமல் தூர்மலேயை ஏறி முடித்தார், அதற்காக அவருக்கு 100 பிராங்க் பரிசு கொடுத்தார்கள். ஒக்டாவ் லபீஸ் ஏற்றத்தில் இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். அவர் நடக்கிற படம் இன்றைக்கும் இருக்கிறது. அன்றைய பந்தயத்தை ஜெயித்தவர் லபீஸ். அந்த வருட டூரை ஜெயித்தவரும் அவர்தான். குளிர்காலத்தில் வயல்காட்டில் ஓட்டிய சைக்ளோகிராஸ்தான் தனக்குக் கைகொடுத்தது என்றும் சொன்னார்.

இப்போது அப்பாவுக்கு வருகிறேன்.

அப்பா தபால்காரர். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஐந்து கிராமம் அவர் கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் வரப்பெல்லாம் களியாகிவிடும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே களிமண் அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றாது. அவர் கேரியரில் எப்போதும் ஒரு கருவேலங்குச்சி செருகியிருக்கும், மண்ணை நோண்டி எடுக்க. (நீங்கள் ஓட்டுகிற சைக்கிளில் டயருக்கும் பிரேமுக்கும் நடுவே ஏன் அவ்வளவு இடைவெளி என்று இப்போது புரிகிறதா? பெரிய பந்தயங்களில் ஆளுக்கு இரண்டு சைக்கிள், ஒன்றை ஓட்டும்போது மற்றதைக் கழுவிக்கொண்டே இருப்பார்கள்.) குச்சிக்கும் அடங்காத இடத்தில் அப்பா இறங்கி, வலது தோளை பிரேமின் முக்கோணத்துக்குள் கொடுத்து, கையை அடிவழியாகக் கொண்டுபோய் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தூக்குவார். கேரியர், ஸ்டாண்டு, டைனமோ எல்லாம் சேர்ந்து இருபது கிலோவுக்குக் குறையாத சைக்கிள். லூவனில் முதல் ஞாயிறு ஒரு பையன் தோளில் சைக்கிளோடு என்னைக் கடந்து ஓடியபோது, அதே கை, அதே பிடி. கூட்டத்துக்கு நடுவில் நின்று அழுதேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர் அப்படி வாய்க்காலில் இறங்கி வருவதைப் பார்த்து என்னோடு வந்த பிள்ளைகள் சிரித்தார்கள். உங்கள் சித்தப்பா கேட்ட அதே கேள்விதான். ராத்திரி அப்பாவிடம் சண்டை போட்டேன். ரோட்டு வழியாகச் சுற்றிப் போனால் என்ன என்று. அவர் கோபப்படவில்லை. "சுத்திப் போனா கடைசி ஊர்ல மணியார்டர் கொடுக்க இருட்டிடும்டி. அந்தக் கெழவி வாசல்லயே உக்காந்திருக்கும்" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை, சாப்பிட்டுப் படுத்துவிட்டார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அவர் நடக்கிற ஒரு படம்கூட எங்களிடம் இல்லை.

அதனால்தான் தம்பி, அந்தப் போட்டோவை அழித்துவிடாதீர்கள்.

ஜனவரிப் பந்தயத்துக்கு இன்றைக்கே பெயர் கொடுங்கள். மற்றவர்கள் வழுக்காத வளைவில் நீங்கள் வழுக்கினீர்கள் என்றால் டயரில் காற்று அதிகம். சேற்றில் பலரும் காற்றழுத்தத்தை 25 பிஎஸ்ஐக்கும் கீழேதான் வைக்கிறார்கள், டயர் தரையில் படிந்து பிடிக்கவேண்டும். வாரத்தில் இரண்டு மாலை, புல்வெளியில் அரை மணி நேரம் இறங்கி ஏறப் பழகுங்கள். வேகம் வேண்டாம். முதலில் நடந்துகொண்டே ஏறுங்கள். தாவும்போது சீட்டின் மேல் நேராக உட்காரப் பார்க்காதீர்கள், தொடையின் உள்பக்கம் முதலில் படட்டும், அங்கிருந்து சறுக்கி உட்காரலாம்.

தோள் கன்றியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்பா துண்டை நாலாக மடித்துத் தோளில் போட்டு, அதன் மேல்தான் சைக்கிள் பாரை வைப்பார். உங்கள் ஜெர்சியின் வலது தோளில், உள்பக்கமாக, கெட்டியான ஒரு துணியை மடித்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா