அசல் பாட்டைக் கேட்டுவிட்டுப் போங்கள்

தம்பி, லாஸ் ஏஞ்சலஸ் வந்து மூன்று மாதம் ஆகிறது, ஆபீஸ் நண்பர்கள், பிரபலப் பாட்டு மெட்டில் வேடிக்கையாக வேறு வரி போட்டுப் பாடும் பகடிப் பாடகர் ‘வியர்ட் அல்’ யாங்கோவிக் கச்சேரிக்குக் கூப்பிடுகிறார்கள், அவர் பாட்டு ஒன்றுகூடத் தெரியாது, டிக்கெட்டும் மலிவில்லை, போய் முழித்துக்கொண்டு உட்காரவா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் போங்கள். ஆனால் போவதற்கு முன் ஒரு வாரம் பாட்டுக் கேளுங்கள்.

நான் இங்கே வந்த இரண்டாம் வருஷம், ஒரு கோடைப் பொருட்காட்சி மேடையில் அவரை முதலில் பார்த்தேன். எதையும் கேட்காமல் போயிருந்தேன். சுற்றிலும் எல்லோரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்கள். எனக்கு இங்கிலீஷ் வார்த்தை எல்லாம் புரிந்தது, சிரிப்பு மட்டும் வரவில்லை. இந்த ஊர் நமக்கு ஒட்டாது போலிருக்கிறதே என்று அன்றிரவு மனசு கனத்துவிட்டது. அப்புறம் யோசித்தேன். சினிமாப் பாட்டு மெட்டில் ஒரு மிமிக்ரிக்காரர் வேறு வரி போட்டுப் பாடினால் நாம் ஏன் சிரிக்கிறோம்? அசல் வரி காதுக்குள் கூடவே ஓடுகிறது. எனக்கு அங்கே அதுதான் இல்லை.

அதனால் ஜோடி ஜோடியாகக் கேளுங்கள். மைக்கேல் ஜாக்சனின் ‘பீட் இட்’, உடனே 1984இல் வந்த இவருடைய ‘ஈட் இட்’. சண்டையை விட்டு விலகச் சொன்ன பாட்டு, சாப்பிடாமல் அடம்பிடிக்கும் பிள்ளையை அதட்டும் பாட்டாகிவிடும். கூலியோவின் ‘கேங்ஸ்டாஸ் பாரடைஸ்’, பிறகு 1996இன் ‘ஆமிஷ் பாரடைஸ்’. ஆமிஷ் என்பவர்கள் பென்சில்வேனியா, ஒஹையோ பக்கம் இன்றும் குதிரை வண்டியில் போகும், எளிய வாழ்க்கையைப் பிடிவாதமாகக் காக்கும் கிறிஸ்தவக் கூட்டம். இந்தப் பாட்டைப் புரிந்துகொள்ளத் தேடியபோதுதான் அவர்களைப் பற்றியே எனக்குத் தெரிந்தது. அமெரிக்காவைப் பற்றி நான் தெரிந்துகொண்டதில் பாதி இப்படி வந்ததுதான்.

இன்னொன்று. பகடிக்கு இந்த நாட்டுச் சட்டத்தில் நிறைய இடம் உண்டு. இருந்தும் அவர் பொதுவாக அசல் பாடகரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கியே பாடுவார். அந்த மரியாதைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

அடுத்து 2016 ஜூலையில் ஹாலிவுட் பவுல் என்ற இந்த ஊர்த் திறந்தவெளி அரங்கில் பார்த்தேன். பின்னால் முழு ஆர்கெஸ்ட்ரா, முன்னால் 1980களிலிருந்து அவரோடு இருக்கும் அதே டிரம்ஸ், கிடார், பேஸ்காரர்கள். கண்ணை மூடினால் அசல் பாட்டேதான் ஒலிக்கும், அவ்வளவு சுத்தமான வாசிப்பு. கைதேர்ந்த வித்வான்கள் இல்லாமல் பகடி நிற்காது என்று அன்று புரிந்தது. அவரே தோளில் அக்கார்டியன் என்ற துருத்தி வாத்தியத்தை மாட்டிக்கொண்டு, பிரபலமான பாட்டுகளை எல்லாம் போல்கா என்ற துள்ளல் நடனத் தாளத்தில் கோத்து விடுவார். அந்தச் சில நிமிஷத்துக்கே டிக்கெட் காசு சரியாகிவிடும். இடையிடையே உடை மாற்றப் போவார், அப்போது திரையில் வீடியோ ஓடும். ஒரு பாட்டுக்கு உடம்பைப் பிரம்மாண்டமாக ஊதிக் காட்டும் உடை. அந்த முறை பக்கத்து சீட்டுப் பெரியவரும் நானும் ஒரே வரிக்கு ஒரே நேரத்தில் வெடித்துச் சிரித்தோம். அவர் திரும்பி என் தோளில் தட்டினார். அந்தத் தட்டல் இன்னும் நினைவிருக்கிறது.

உங்கள் நிகழ்ச்சியும் பவுலில்தான் என்றால் காரை வீட்டில் விடுங்கள். அங்கே ஒன்றின் பின் ஒன்றாக அடைத்து நிறுத்துவார்கள், முன் வண்டி நகராமல் உங்கள் வண்டி நகராது. மெட்ரோவில் ஹாலிவுட் ஹைலேண்ட் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். மேல் வரிசை மரப் பெஞ்சு, ஒரு மெத்தை கொண்டு போங்கள். ஜூலையானாலும் ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். சாப்பாடு எடுத்துப்போவது அங்கே வழக்கம்தான். நான் புளியோதரை கொண்டு போனேன், நண்பர்கள் பங்கு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

முடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்துவிடாதீர்கள். மறுபடி வருவார், ‘ஸ்டார் வார்ஸ்’ சினிமாப் பாத்திரங்களின் வேஷம் போட்டவர்கள் சூழ. டான் மெக்லீனின் ‘அமெரிக்கன் பை’ பாட்டை மட்டும் முழுசாகக் கேட்டு வையுங்கள். அந்த மெட்டில் அவர் ஒரு ஸ்டார் வார்ஸ் படக் கதையையே சொல்வார், கூட்டம் மொத்தமும் கூடப் பாடும், நீங்களும் பாடலாம்.