டிரம்மரின் அப்பாவுக்கு

வணக்கம் சார்.

உங்கள் கடிதத்தில் 'எதிர்காலம்' என்ற சொல் மூன்று முறை வருகிறது, 'வருமானம்' ஒரு முறைகூட இல்லை. நீங்கள் கேட்க வந்தது இரண்டாவதைத்தான் என்று நினைக்கிறேன். அதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மகளுக்குக் கல்லூரியில் கடைசி வருடம். மூன்று பேருடன் சேர்ந்து, பெரிய இசை நிறுவனத்தைச் சாராத ஒரு இண்டி ராக் பேண்ட் நடத்துகிறாள், டிரம்ஸ் வாசிக்கிறாள். படிப்பு முடிந்ததும் பேண்ட்தான் வேலை என்கிறாள். அவளுக்கு உண்மையிலேயே திறமை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்பிய இரண்டு பாட்டையும் கேட்டேன், பிடித்திருந்தது. ஆனால் எனக்குப் பிடித்ததை வைத்து நீங்கள் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. திறமைசாலிகள் நிறைந்த பேண்டுகள் மூன்றாவது வருடமே கலைந்துபோவதற்குப் பெரும்பாலும் பாட்டு காரணமல்ல, பணமும் பங்கும்தான் காரணம்.

பெரிய இசை நிறுவனம் முதல் போட்டு, பதிவின் உரிமையைத் தன் கையில் வைத்துக்கொள்வது ஒரு வழி. இண்டி பேண்ட் அதை வேண்டாம் என்று சொல்லி, செலவையும் உரிமையையும் தானே சுமக்கிறது. ஆகவே உங்கள் மகள் போகப்போவது வேலைக்கு அல்ல. நான்கு பங்காளிகள் சேர்ந்த ஒரு சிறு தொழிலுக்கு. வேறு எந்தத் தொழிலில் அவள் பங்கு சேர்ந்தாலும் முதலில் என்ன கேட்பீர்களோ அதையே இங்கும் கேளுங்கள்: எழுத்தில் என்ன இருக்கிறது?

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் அவள் டிரம்மர் என்பது. ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. மெட்டும் வரிகளும் ஒன்று, ஸ்டுடியோவில் பதிந்த ஒலி மற்றொன்று. பேண்டில் இரண்டாவதை 'மாஸ்டர்' என்பார்கள். இரண்டுக்கும் ராயல்டி, அதாவது பாட்டைப் பயன்படுத்துவதற்கான உரிமைத்தொகை, தனித்தனி வழியில் வருகிறது. மெட்டுப் போட்டவர், வரி எழுதியவர் பெயர்தான் முதல் சொத்தில் ஏறும். தாளம் எவ்வளவு புதுமையாக இருந்தாலும் டிரம்மர் பெயர் அங்கே வருவது அரிது, நண்பர்கள் மனமுவந்து எழுதிக்கொடுத்தால் ஒழிய.

தி ஸ்மித்ஸ் என்ற ஆங்கிலேய பேண்ட் 1982-ல் தொடங்கி 1987-ல் கலைந்தது. பாட்டு எழுதிய மாரிஸியும் ஜானி மாரும் பதிவு, மேடை வருமானத்தில் தலைக்கு 40 சதவீதம் எடுத்துக்கொண்டார்கள். பேஸ் கிட்டார் வாசித்த ஆன்டி ரூர்க்குக்கும் டிரம்மர் மைக் ஜாய்ஸுக்கும் தலைக்கு 10. ஜாய்ஸ் நீதிமன்றம் போனார். அப்படிப் பிரிக்க ஒப்புக்கொண்டதற்குத் தெளிவான உடன்பாடு இல்லை, ஆகவே கூட்டுத் தொழிலில் சமபங்கு என்று 1996 டிசம்பரில் அவருக்கு 25 சதவீதம் தீர்ப்பானது. வழக்கில் வென்றார், சரி. பேண்ட் கலைந்து ஒன்பது வருடம் கழித்து! அப்போதும் பாட்டு எழுதியதற்கான ராயல்டியில் அவருக்குப் பங்கு கிடையாது.

நேர்மாறாக ஆர்.இ.எம். என்ற அமெரிக்க பேண்ட். 1980-ல் சேர்ந்த நால்வரும் எல்லாப் பாட்டுக்கும் நால்வர் பெயரையும் போட்டார்கள், டிரம்மர் பில் பெர்ரி உட்பட. 1997-ல் அவர் விலகியபோது மற்ற மூவரும் தொடர்ந்தார்கள், 2011 வரை. சமபங்குதான் அவர்களை அவ்வளவு காலம் சேர்த்து வைத்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பணத்தைப் பற்றிய சண்டைக்கு ஒரு காரணம் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

மகளிடம் இதைப் பேசினால் "நாங்க ஃபிரெண்ட்ஸ்ப்பா, எங்களுக்குள்ள எதுக்கு பேப்பர்?" என்பாள். ஆலோசனைக்கு என் அறைக்கு வருகிற எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நண்பர்களாக இருக்கும்போதே எழுதினால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். பாட்டு யார் பெயரில், மாஸ்டர் யாருக்கு, பேண்டின் பெயர் யாருக்குச் சொந்தம், ஒருவர் விலகினால் என்ன என்ற நான்கு கேள்விக்குப் பதில் போதும். அதை ஒரு வழக்கறிஞர் ஒருமுறை பார்த்துவிடட்டும்.

இனி வருமானம். பாட்டைத் தளங்களில் ஏற்றுவது இன்று சுலபம். அதிலிருந்து சாப்பாட்டுக்குப் பணம் வரும் என்று மட்டும் யாரும் நம்ப வேண்டாம். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாவிட்டால் அதன் பதிவுக்கான ராயல்டியே கிடையாது. பேண்ட்கேம்ப் போன்ற இணையதளத்தில் ரசிகர் பேண்டிடமிருந்து நேரடியாக வாங்குகிறார். அங்கே டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும், இசைத்தட்டு, டி-ஷர்ட் விற்பனையில் 10 சதவீதமும் தளத்துக்குப் போகும். இத்துடன் பணம் கைமாற்றும் கட்டணமும் உண்டு. நூறு பேர் விலை கொடுத்து வாங்குவது, பல்லாயிரம் பேர் சும்மா கேட்பதைவிடப் பெரிய தொகையாவது இதனால்தான். மேடையும் மேடையோரத்து டி-ஷர்ட் மேசையும்தான் பெரும்பாலான சிறு பேண்டுகளுக்குக் கையில் காசு. ஆனால் வேன் வாடகை, தங்குமிடம், ரிகர்சல் அறை எல்லாம் அதே காசைத் தின்னும்.

'ஒரு நாள் பெரிய நிறுவனம் கூப்பிடும்' என்ற கனவு அவளுக்கு இல்லாவிட்டாலும் உங்களுக்கு இருக்கலாம். ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி 1993-ல் ஒரு கட்டுரையில் கணக்குப் போட்டுக் காட்டினார். 2,50,000 டாலர் முன்பணம் வாங்கிய நால்வர் பேண்ட். தயாரிப்புச் செலவு, மேனேஜர், வக்கீல், வாத்தியம், பயணம் எல்லாம் கழிந்ததும் ஆளுக்கு மிஞ்சுவது சுமார் 4,000 டாலர். அது ஒரு மாதிரிக் கணக்கு, இன்று தொகைகள் மாறியிருக்கும். முன்பணம் கடன், அதைத் திருப்புவது பேண்டின் பங்கிலிருந்து என்பது மாறவில்லை.

அப்படியானால் வேலைக்கே போகச் சொல்லட்டுமா என்கிறீர்கள். 'அல்லது' என்று ஏன் பிரிக்கிறீர்கள்? கைடட் பை வாய்ஸஸ் பேண்டின் ராபர்ட் பொல்லார்ட் 14 வருடம் பள்ளி ஆசிரியர், நாலாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவர். 1992-ல் அந்த பேண்ட் ஒரு ஆல்பத்தை 500 இசைத்தட்டு மட்டும் அச்சிட்டது, அட்டைகளைக் கையாலேயே செய்தார்கள். அவர் ஆசிரியர் வேலையை விட்டது 1994-ல், அப்போது வயது 36. இது எல்லாருக்கும் நடக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. வேலை பார்த்த அத்தனை வருடமும் அவர் பாட்டு எழுதிக்கொண்டுதான் இருந்தார் என்பதற்காகச் சொல்கிறேன்.

மகள் படிப்பை முடிக்கட்டும், இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பிறகு சம்பளத்தைவிட மாலை நேரத்தைப் பார்த்து வேலை தேடட்டும். சில நிறுவனங்களின் நியமன ஒப்பந்தத்தில், வெளியே வேறு எந்தத் தொழிலும் கூடாது என்றோ, ஊழியர் படைப்பது எல்லாம் நிறுவனத்துக்கே என்றோ ஒரு வரி இருக்கும். கையெழுத்துக்கு முன் அதைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். மேடை ஒலி அமைப்பு, சுற்றுப்பயண நிர்வாகம் போன்ற பக்கத்து வேலைகளில் அவளுக்கு நாட்டம் இருந்தால் அதுவும் நல்லது. திணிக்காதீர்கள்.

உங்கள் பங்குக்கு இரண்டு செய்யலாம். அவள் பெயரில் கடன் வாங்கி ஆல்பம் போட விடாதீர்கள். சேர்த்த பணத்தில் போடுகிற அளவுக்கு ஆல்பம் சிறியதாக இருக்கட்டும். மற்றது, 'இரண்டு வருடம் தருகிறேன், பேர் வாங்கிக் காட்டு' என்று கெடு வைக்காதீர்கள். பேர் அவள் கையில் இல்லை. பேண்டுக்குத் தனி வங்கிக் கணக்கு இருக்கிறதா, போன வருடம் வந்தவர்கள் இந்த வருடமும் வருகிறார்களா, கடைசியாக எப்போது ஒரு புதுப் பாட்டை முடித்தார்கள் என்று கேளுங்கள். இவற்றுக்கு அவளால் பதில் சொல்ல முடியும்.

எழுதாமல் விட்டால் உறுத்தும் என்பதால் ஒன்று: காது. ஒலியின் அளவு 85 டெசிபல் என்றால் நாளுக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம். 100 டெசிபலுக்குப் பாதுகாப்பான எல்லை சுமார் 15 நிமிடம். மூடிய ரிகர்சல் அறையில் டிரம்ஸ் அதைச் சுலபமாகத் தாண்டும். இசைக்கலைஞர்களுக்கென்றே விற்கும் காது அடைப்பான் ஒரு ஜோடி இந்த வாரமே வாங்கிக் கொடுங்கள்.

அடுத்த சந்திப்புக்கு அவளையும் அழைத்து வாருங்கள். அந்த ஒரு பக்கத் தாளை நால்வரும் எழுதிவிட்டிருந்தால் அதையும் கொண்டுவரச் சொல்லுங்கள். இன்னும் எழுதவில்லை என்றால் யார் தள்ளிப்போடுகிறார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்.