பிலிப்பைன்ஸ் புயல்கள்: கேட்டதும் சொன்னதும்

செபு நகரில் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: மகள் தாவோவில் மருத்துவம் படிக்கிறாள். டிவியில் புயல் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது.

உங்கள் பயம் புரிகிறது அம்மா. வருடத்துக்கு இருபது புயல் போல இந்நாட்டின் எல்லைக்குள் வருகின்றன. பெரும்பாலும் வடக்கே லூசோன், நடுவே விசாயாஸ் பக்கம்தான் போகும். தெற்கே இருக்கும் தாவோ நகரம் சிக்குவது அரிது. 2012 டிசம்பரில் பாப்லோ புயல் தாவோ ஓரியண்டல் கரையைத் தாக்கியதும் உண்மைதான். செய்தி வந்தால் முதலில் எந்த மாகாணம் என்று பாருங்கள்.

கேள்வி: சிக்னல் எண் என்பது நம்ம ஊர் புயல் கூண்டு மாதிரியா?

கூண்டு துறைமுகத்துக்கு ஏற்றுவது. இது காற்று எச்சரிக்கை எண்; மாகாணவாரியாக, 1 முதல் 5 வரை சொல்வார்கள். 5 என்றால் மணிக்கு 185 கி.மீ.க்கு மேல் காற்று. ஆனால் இந்த எண் காற்றை மட்டும்தான் சொல்லும். 2009இல் வந்த ஒண்டோய், காற்று வேகத்தில் பெரிய புயலே அல்ல. மணிலா பகுதியில் ஒரே நாளில் 455 மி.மீ. கொட்டி ஊரை மூழ்கடித்தது.

கேள்வி: 2013 புயலில் எச்சரிக்கை கொடுத்தும் டக்லோபான் நகரில் ஏன் அத்தனை சாவு?

அந்தப் புயலை உலகம் ஹையான் என்றது, இங்கே யோலாண்டா. நவம்பர் 8 காலையில் கடல் ஐந்தாறு மீட்டர் எழும்பி ஊருக்குள் புகுந்தது. நாடு முழுக்க இறந்தவர்கள் 6,300 பேர். 'ஸ்டார்ம் சர்ஜ்' (புயல் கடலைக் கரைக்குள் தள்ளுவது) வரும் என்று வானொலியில் சொன்னார்கள். அது என்னவென்று பலருக்குப் புரியவில்லை. "சுனாமி மாதிரி வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போமே" என்றார்கள் பிழைத்தவர்கள். தஞ்சம் புகுந்த கட்டடங்கள் சிலவற்றிலும் தண்ணீர் ஏறியது. ஒரு சொல் புரியாததால் போன உயிர்களை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. கரையோரம் இருப்பவர்கள் காற்றின் வேகத்தை விட்டுவிட்டு, "கடல் எத்தனை மீட்டர் ஏறும், நம் வீடு எத்தனை மீட்டர் மேட்டில்?" என்று கேளுங்கள்.

கேள்வி: காற்று சட்டென்று ஓய்ந்தால் வெளியே போகலாமா?

கூடாது. புயலின் கண் மேலே இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும்.

கேள்வி: எதைச் சேர்த்து வைப்பது?

அரிசி, மெழுகுவர்த்தி எல்லாம் எல்லோரும் வாங்குவார்கள். நான் பட்டது வேறு. 2021 டிசம்பர் 16 இரவு ஒடெட் புயல் அடித்தபோது, கூரைத் தகரத்தை ஆணி ஆணியாகக் காற்று பிடுங்கும் சத்தத்தைக் கேட்டபடி குளியலறையில் உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் நீளம். கரண்ட் இல்லை, அதனால் மோட்டார் இல்லை, ஏடிஎம் இல்லை. இருபது லிட்டர் நீல கேனைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையிலேயே வரிசையில் நின்றோம். தெருமுனைச் சாரிசாரி (பெட்டிக்கடை) கடைக்காரம்மாவிடம் சில்லறை இல்லை; என்னிடம் இருந்ததோ ஆயிரம் பெசோ தாள்கள். அன்றிலிருந்து புயல் அறிவிப்பு வந்ததும் வீட்டில் உள்ள வாளி, அண்டா எல்லாம் நிரப்பிவிட்டு, பணத்தை இருபது, ஐம்பது பெசோவாக மாற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கிறேன்.