நீலம் போய்ப் பச்சை வந்தது ஏன்?
வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: கரீபியக் கடலில் உள்ள மார்த்தினிக் தீவைத் தாயகமாகக் கொண்ட மரவாழ் டாரன்டுலா சிலந்தி ஒன்றை, அது நகத்தளவு குட்டியாக இருந்ததிலிருந்து எங்கள் மகன் வளர்த்து வருகிறான். அப்போது உடல் முழுவதும் நீலமாக மின்னியது. இப்போது தோலுரிக்கும்தோறும் நீலம் குறைந்து, முதுகில் பச்சையும் வயிற்றில் சிவப்பும் தெரிகின்றன. கடற்காற்றின் உப்பு ஒத்துக்கொள்ளவில்லையோ, கொடுக்கும் இரையில் சத்து இல்லையோ என்று வீட்டில் பேசிக்கொள்கிறோம். இது நோயா?
- வாசகி, கீழக்கரை

பதில்: நோய் அன்று. தங்கள் வீட்டுச் சிலந்தி, தன் இனத்துக்கு உரிய முறையில் வளர்ந்துகொண்டிருக்கிறது. இந்த இனத்தின் குட்டிகள் நீலமாக இருப்பதும், பல தோலுரிப்புகளுக்குப் பிறகு பச்சை நிற முதுகுக் கவசமும் செந்நிற வயிறும் ஊதா சாயல் கொண்ட கால்களுமாக மாறுவதும் இயல்பு. நீலம் மறைவது வருத்தமாக இருக்கலாம். ஆனால் முழு வளர்ச்சி பெற்ற இந்தச் சிலந்தியின் அழகை நான் குட்டியின் அழகுக்கு ஒரு படி மேலாகவே வைப்பேன்.

டாரன்டுலாக்களின் நீலம் சாயத்தால் உண்டாவது அன்று. உடலை மூடியிருக்கும் மயிர்களில் அமைந்த மிக நுண்ணிய கட்டமைப்புகள் நீல ஒளியை வலுவாகத் திருப்பி அனுப்புவதால்தான் நம் கண்ணுக்கு அந்த நிறம் தெரிகிறது. இத்தகைய நீலம் டாரன்டுலாக் குடும்பத்தில் குறைந்தது 8 முறை தனித்தனியே தோன்றியிருக்க வேண்டும் என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒவ்வொரு தோலுரிப்பின்போதும் பழைய மயிர்கள் தோலோடு கழன்றுபோக, அடியில் முன்பே உருவாகியிருந்த புதிய மயிர்கள் வெளிப்படுகின்றன. எந்தப் பருவத்தில் எந்த நிறம் என்பது பிறவியிலேயே அமைந்தது. ஆகவே உப்புக்காற்றின்மீதும் இரையின்மீதும் பழி போட வேண்டியதில்லை.

மாற்றம் எல்லா இனங்களிலும் ஒரே திசையில் நடப்பதும் இல்லை. வெனிசுவேலாவின் நீலக்கால் டாரன்டுலா இதற்கு நேர்மாறானது. அதன் குட்டி வெளிறிய கால்களும், கரும்பட்டைகள் ஓடும் செம்மஞ்சள் வயிறுமாக இருந்து, வளர வளரக் கால்களில் நீலம் பெறுகிறது. மெக்சிகோவின் செம்முட்டி டாரன்டுலாவோ மங்கிய பழுப்புக் குட்டியாகத் தொடங்கிப் பொறுமையாகத்தான் சிவப்பைக் காட்டும்.

தங்கள் ஊரில் நான் கவலைப்படுவது வெப்பத்தையும் புழுக்கத்தையும் பற்றித்தான். ஈரம் வேண்டுமென்று எண்ணி, காற்றோட்டம் இல்லாத டப்பாவில் அடிக்கடி தண்ணீர் தெளிப்பது இந்த இனத்துக்குப் பெருந்தீங்கு. இரு பக்கமும் துளையிட்ட டப்பா, சிறிய தண்ணீர்க் கிண்ணம், வெயில் படாத இடம் ஆகியவை இருந்தால் போதும்.

கேள்வி: என் டாரன்டுலாவின் வயிற்றில் மயிர் உதிர்ந்த இடம் கருத்துவிட்டது. உடலும் மங்கியிருக்கிறது, இரையைத் தொடுவதில்லை. என்ன செய்வது?
- வாசகர், மண்டபம்

பதில்: தோலுரிக்கப் போகிறது. பழைய தோலுக்கு அடியில் புதிய தோலும் மயிரும் உருவாகிவிட்டதால்தான் அந்த வழுக்கை இடம் கருப்பாகத் தெரிகிறது. தண்ணீர் மட்டும் வைத்துவிட்டு, உயிருள்ள இரையை வெளியே எடுத்துவிடுங்கள். தோலுரிக்கும் சிலந்தியை ஒரு சிறு பூச்சிகூடக் கடித்துக் காயப்படுத்திவிடும். மல்லாந்து கிடந்தால் இறந்துவிட்டது என்று புரட்டிப் போடாதீர்கள். உரித்து முடித்ததும் பற்கள் வெண்மையாகவும் மென்மையாகவும் இருக்கும். அவை சிவந்து, பின் கருத்து இறுகிய பிறகே இரை கொடுக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் பகுதிப் புளியமரப் பொந்தில் பெரிய சாம்பல் நிறச் சிலந்தி ஒன்றும் அதன் குட்டிகளும் இருக்கின்றன. குட்டிகளைப் பிடித்து வளர்த்தால் தாயின் கோலங்கள் எப்போது தெரியும்?
- வாசகர், தங்கச்சிமடம்

பதில்: குட்டிகளின் நிறம் மங்கலாகவே இருக்கும், முதுகின் கோலமும் கால்களின் பட்டைகளும் தோலுரிப்புக்குத் தோலுரிப்பு தெளிவடையும். ஆனால் அவற்றைப் பிடிக்க வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் சொல்வது, 2004இல் இராமேசுவரம் தீவிலிருந்து அறிவியலுக்கு அறிமுகமான மரவாழ் டாரன்டுலாவாக இருக்க வாய்ப்பு மிகுதி. அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாக அதை, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். வெளியிடும் செம்பட்டியல் குறித்துள்ளது. புளி, பனை, தென்னை நிறைந்த பழைய தோப்புகள் குறையக் குறைய அதன் வாழிடமும் சுருங்குகிறது. இச்சிலந்தியும் அதன் நெருங்கிய உறவினங்களும் அடங்கிய பேரினம் முழுவதும், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் 2019 முதல் இருப்பதால், உரிய அனுமதியின்றி அதை வெளிநாட்டுக்குக் கடத்தி விற்பது குற்றம்.

இச்சிலந்தி தானாக மனிதரைத் தேடி வருவதில்லை. ஆயினும் பொந்துக்குள் குச்சியோ விரலோ விட்டால் கடிக்கும், அக்கடியால் கடுமையான தசைப்பிடிப்பு உண்டாகிப் பல நாள் நீடிக்கக்கூடும். இரவில் சற்றுத் தள்ளி நின்று டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். முன்கால்களை அது உயர்த்தினால் அடிப்புறத்து மஞ்சள் தெரியும். அது எச்சரிக்கை என்பதால் உடனே விலகிவிட வேண்டும். அந்த மரத்தை வெட்டும் பேச்சு எழுந்தால், வெட்டுவதற்கு முன்பே வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.